7. ஸ்டிக்கர் சொல்லாததைப் பதிவேடு சொல்ல வேண்டும்

அமெரிக்காவில் விற்கும் எந்தக் காரானாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து சேரும் தூணைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே உள்ளங்கையளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். தயாரித்தவர் பெயர், தயாரான மாதமும் ஆண்டும், 17 இலக்க வின் எண் (வண்டியின் அடையாள எண்) எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு வாக்கியம்: தயாரான தேதியில் அமலில் இருந்த, இந்த வண்டிக்குப் பொருந்தும் ஃபெடரல் பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் இது நிறைவேற்றுகிறது. அரசு அதிகாரி யாரும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட வாக்கியம் அல்ல அது. 1966-இல் வந்த மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரிப்பாளர் தானே சோதித்து, தன் பொறுப்பில் தானே எழுதி ஒட்டுவது.

2008 டிசம்பரில் ஒரே லைனில் அடுத்தடுத்து இறங்கிய இரண்டு கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இஎஸ்சி இருக்கிறது. வண்டி வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து நேர்ப்படுத்தும் ஏற்பாடு அது. மற்றதில் அது இல்லை. இரண்டு தூண்களிலும் ஒரே வாக்கியம்தான். இரண்டிலும் அது உண்மைதான். ஏனென்றால் அந்த ஆண்டு சட்டம் கேட்டது ஒரு நிறுவனத்தின் வண்டிகளில் 55 சதவீதத்தில் இஎஸ்சி இருக்க வேண்டும் என்று மட்டுமே. எந்த வண்டி அந்த 55-இல் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது ஸ்டிக்கரில் இல்லை. அது நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்தப் பதிவேட்டையும், அதிலிருந்து அரசுக்குப் போகும் அறிக்கையையும் பற்றியது.

ஏன் ஒரே நாளில் அமலாக்குவதில்லை

ஒரு காரின் கூரையை வலுப்படுத்துவதானால் அச்சு மாறும், தகடு மாறும், எடை மாறும். எடை மாறினால் மோதல் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பத்துப் பன்னிரண்டு மாடல் வைத்திருக்கும் நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் இப்படிப் பிரித்து மாட்ட முடியாது. எல்லா மாடலும் தயாராகும்வரை காத்திருக்கலாம் என்று அரசு விட்டால், முதலில் தயாராகக்கூடிய மாடல்களும் நான்கு ஆண்டு தள்ளிப்போகும். அந்த நான்கு ஆண்டில் விற்கும் வண்டிகள் அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து ஆண்டு சாலையில் ஓடும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் கண்ட வழிதான் படிப்படியான அமல்.

1984-இல் போக்குவரத்துத் துறைச் செயலராக இருந்த எலிசபெத் டோல் வெளியிட்ட விதி இதற்குப் பழைய முன்மாதிரி. ஏர்பேக் அல்லது தானியங்கி சீட் பெல்ட் என்ற ஏற்பாடு 1987 மாடல் கார்களில் 10 சதவீதத்திலும், 1988-இல் 25-லும், 1989-இல் 40-லும், 1990-இல் எல்லாவற்றிலும் வர வேண்டும் என்றது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குவதற்காக ஃபெடரல் ஒழுங்குமுறைத் தொகுப்பின் 49-ஆம் தலைப்பில் 585-ஆம் பகுதி எழுதப்பட்டது. பிறகு வந்த பல விதிகளுக்கும் அதே பகுதிக்குள் தனித்தனி உட்பிரிவு சேர்ந்தது. டயர் காற்றழுத்த எச்சரிக்கைக்கு 20, 70, 100 என்று படிகள். கூரை வலிமைக்கு 25, 50, 75, 100. இஎஸ்சிக்கு 55, 75, 95, 100. பல மாடல்களில் ஏற்கெனவே இருந்ததால் இஎஸ்சி உயரத்திலேயே தொடங்கியது.

சதவீதம் நிறுவனம் முழுவதற்கும்தான், மாடலுக்கு மாடல் அல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எதை முதலில் மாற்றுவது என்பது நிறுவனத்தின் விருப்பம். என்னைக் கேட்டால், உயரமான வண்டிகளை முதலில் மாற்றச் சொல்வேன். இஎஸ்சி விதியை 2007-இல் வெளியிட்டபோது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் (துறைக்காரர்கள் வாயில் அது ‘நிட்சா’) ஒரு மதிப்பீடு சொன்னது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் தானே புரண்டோ மோதியோ நடக்கும் விபத்துகள் சாதாரணக் கார்களில் 34 சதவீதமும், எஸ்யூவிகளில் 59 சதவீதமும் குறையும் என்றது. சதவீதக் கணக்குக்கு எந்த வண்டியை மாற்றினாலும் ஒன்றுதான், ஓட்டுகிறவருக்கு ஒன்றல்ல.

எந்த ஆண்டு?

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இங்கே ஆண்டு என்பது நாட்காட்டி ஆண்டும் அல்ல, மாடல் ஆண்டும் அல்ல. ‘உற்பத்தி ஆண்டு’ என்று விதி தனியாக வரையறுத்திருக்கிறது: பெரும்பாலான விதிகளில் செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை.

வின் எண்ணின் பத்தாவது இலக்கம் மாடல் ஆண்டைக் குறிக்கும். அங்கே 9 என்று இருந்தால் 2009 மாடல். ஆனால் 2009 மாடல் கார் 2008 ஜூலையிலேயே லைனில் இறங்கியிருக்கலாம். மாடல் பெயரில் 2009 இருந்தாலும் அந்தக் கார் இஎஸ்சியின் முதல் உற்பத்தி ஆண்டுக்குள் வராது; அந்த ஆண்டு 2008 செப்டம்பர் 1-இல்தான் தொடங்கியது. பத்தாவது இலக்கத்தை வைத்து எக்செலில் வடிகட்டி எண்ணுபவர்கள் இரண்டு முனையிலும் தவறுவார்கள்: முன்னால் சேரக் கூடாதது சேரும், பின்னால் சேர வேண்டியது விடுபடும். நம்ப வேண்டியது தூணில் இருக்கும் தயாரிப்பு மாதமும், தொழிற்சாலைப் பதிவில் இருக்கும் தயாரிப்புத் தேதியும்தான்.

விதிக்கு விதி ஆண்டின் எல்லையும் மாறும். பின்புறக் கேமரா விதி மே 1-இல் தொடங்கி ஏப்ரல் 30-இல் முடியும் ஆண்டை வைத்தது. 2016 மே முதல் 10 சதவீதம், 2017 மே முதல் 40, 2018 மே 1 முதல் முழுவதும். இந்தத் தேதிகளுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது. 2002-இல் நியூயார்க்கில், தன் வீட்டு வாசலில், தந்தை பின்னுக்கு எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்த இரண்டு வயது கேமரூன் குல்பிரான்சன். அவன் பெயரால் இயற்றிய சட்டம் 2008 பிப்ரவரியில் கையெழுத்தானது. மூன்று ஆண்டில் விதி வர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. விதி வந்தது 2014-இல். வந்ததிலிருந்து 48 மாதத்துக்குள் முழு அமல் என்று சட்டத்திலேயே வரம்பு இருந்ததால்தான் 2018 மே. பின்னுக்கு எடுக்கும் வண்டிகளில் அடிபட்டு ஆண்டுக்கு சுமார் 210 பேர் இறப்பதாகவும், அதில் 31 சதவீதம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் அப்போது நிட்சாவின் கணக்கு. அறிக்கையின் கட்டங்களை நிரப்பும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும்படி என்னுடன் வேலை செய்பவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

உற்பத்தி ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். ஆகஸ்ட் 31-இல் முடிந்தால் கெடு அக்டோபர் 30. ஏப்ரல் 30-இல் முடிந்தால் ஜூன் 29. அறுபது நாள் என்பது கேட்பதற்குத் தாராளமாக இருக்கும். பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதாமல் விட்டவர்களுக்கு அது போதவே போதாது.

யாருடைய வண்டி?

எண்ண வேண்டியது அமெரிக்காவில் விற்பனைக்கென்று தயாரான வண்டிகளை மட்டும். ஒரே லைனில் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போகிற வண்டிகள் இறங்கும், அவை சேராது. புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் குவாமுக்கும் போகிறவை சேரும், சட்டத்தில் ‘மாநிலம்’ என்ற சொல்லின் விளக்கத்தில் அவையும் அடக்கம். ஏற்றுமதிக் கணக்கில் இந்த இடங்களை ‘வெளிநாடு’ என்று போட்டு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. முதல் நாளே அந்தக் குறியீட்டைத் திருத்தச் சொல்லுங்கள்.

இறக்குமதியாகும் வண்டி இறக்குமதி செய்தவரின் கணக்கில் சேரும். 2018 தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் நம் மறைமலை நகரில் செய்யப்பட்டது. அதன் வின் எண் ‘எம்ஏஜே’ என்று தொடங்கும். அந்த முதல் மூன்று எழுத்திலேயே இந்தியாவில் செய்தது என்பது தெரிந்துவிடும். 2018 ஏப்ரல் வரை தயாராகி அங்கே போனவை பின்புறக் கேமராவின் 40 சதவீத ஆண்டுக்குள் வருகின்றன. விதிப்படி அவற்றின் கணக்கு சேருமிடம் இறக்குமதி செய்த அமெரிக்க நிறுவனம். அறிக்கை எழுதுவதும் அங்கேதான். ஆனால் எந்தத் தேதியில் எந்த வண்டி எந்தக் கருவியோடு லைனை விட்டு இறங்கியது என்ற அடிப்படைத் தகவல் தொழிற்சாலையிலிருந்துதான் போயாக வேண்டும். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உட்கார்ந்து ஏற்றுமதிக்கான தரவைப் பதியும் ஒருவர் இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டிய காரணம் இதுவே.

அமெரிக்காவிலேயே இரண்டு நிறுவனம் சேர்ந்து செய்த வண்டி, அவர்களில் அதைச் சந்தைப்படுத்துபவரின் கணக்குக்குப் போகும். வேறு மாதிரி பிரித்துக்கொள்ள விரும்பினால் எழுத்து மூலமான வெளிப்படையான ஒப்பந்தம் வேண்டும். அதில் யார் யார் தரப்பு, எத்தனை வண்டி, அறிக்கையின் எண்ணிக்கையை அது எப்படி மாற்றுகிறது என்பதை அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சில் செய்துகொண்ட ஏற்பாடு செல்லாது. அமெரிக்காவுக்கென்று ஆண்டுக்கு 5,000-க்கும் குறைவாகச் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு இஎஸ்சி விதியில் இடைப்பட்ட படிகள் இருக்கவில்லை. கடைசித் தேதியில் முழுவதுமாக நிறைவேற்றினால் போதும் என்று இருந்தது.

எதன் சதவீதம்?

இங்கே விதி ஒரு தேர்வைக் கொடுக்கிறது. முந்தைய மூன்று உற்பத்தி ஆண்டுகளின் சராசரியில் சதவீதம் பார்க்கலாம், அல்லது நடப்பு ஆண்டின் உற்பத்தியில் பார்க்கலாம். எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

முந்தைய மூன்று ஆண்டில் 1,80,000, 2,10,000, 2,40,000 வண்டிகள். சராசரி 2,10,000. அதில் 55 சதவீதம் 1,15,500. நடப்பு ஆண்டில் சந்தை படுத்து 1,50,000 மட்டுமே தயாரித்தது என்றால், அதில் 55 சதவீதம் 82,500. வித்தியாசம் 33,000 வண்டி. வளரும் நிறுவனத்துக்குச் சராசரி லாபம், சுருங்கும் நிறுவனத்துக்கு நடப்பு ஆண்டு லாபம். ஆனால் நடப்பு ஆண்டின் எண்ணிக்கை ஆகஸ்ட் கடைசிவரை கையில் இராது; சராசரியோ முதல் நாளே தெரிந்துவிடும். அதனால் சராசரியை இலக்காக வைத்து ஆண்டை ஓட்டுங்கள். முடிவில் நடப்பு ஆண்டு சாதகமாக அமைந்தால் மாறிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்து, விற்பனை குறையும் என்ற நம்பிக்கையில் ஆண்டைத் தொடங்குவது ஆபத்து. விற்பனை கூடிவிட்டால் இலக்கும் கூடிவிடும், அதற்குள் வண்டிகள் போய்விட்டிருக்கும்.

அதே நிறுவனம் அந்த ஆண்டு 1,00,000 வண்டிகளில் இஎஸ்சி வைத்து, நடப்பு ஆண்டுக் கணக்கைத் தேர்ந்தது என்று வையுங்கள். தேவை 82,500, மிச்சம் 17,500. இஎஸ்சி விதி இந்த மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல விட்டது. அடுத்த ஆண்டு உற்பத்தி 1,60,000 என்றால், 75 சதவீதத்துக்கு 1,20,000 வேண்டும். கையில் 1,10,000 தான் இருந்தால் மிச்சத்திலிருந்து 10,000 எடுத்து நேர் செய்து, 7,500-ஐ மூன்றாவது ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் படி தொடங்குவதற்கு முன்பே, 2007 ஜூன் 5 முதல் செய்த வண்டிகளைக்கூட வரவில் வைக்க இடமிருந்தது. முந்திச் செய்தவருக்குக் கைமேல் பலன் கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம், நல்ல நோக்கம். ஒரு வண்டியை ஒரே ஒரு முறைதான் எண்ணலாம். 10,000 என்று மொத்தமாக எழுதிக் கழித்தால் போதாது, எந்த 10,000 என்பது வின் எண்ணோடு இருக்க வேண்டும். எல்லா விதியிலும் இந்த வசதி ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்; அந்தந்த விதியின் வாசகத்தைப் பார்த்த பிறகே மிச்சத்தைத் தொடுங்கள்.

பதிவேடு

வண்டிக்கு ஒரு வரி. வின் எண், தயாரிப்புத் தேதி, போகும் நாடு, மாடலும் வகையும், எந்த விதிக்கு உட்பட்டதாக உறுதிகூறப்பட்டது, எந்த ஆண்டின் கணக்கில் சேர்க்கப்பட்டது, மிச்சமாகப் பயன்பட்டிருந்தால் எந்த ஆண்டில். இவ்வளவு போதும். வின் எண்ணின் ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். மற்ற பதினாறையும் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அது. மீதி 10 என்றால் ‘எக்ஸ்’ என்ற எழுத்து. கையால் தட்டச்சு செய்த எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் பெரும்பாலும் இந்த இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்தும் வின் எண்ணில் வரவே வராது. இந்தச் சோதனையைப் பதிவேட்டிலேயே சூத்திரமாகப் போட்டு வையுங்கள், தவறான வரி உள்ளே நுழையவே கூடாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்க்கப் போயிருந்தேன். மொத்தம் சரியாக இருந்தது, மாதவாரிக் கணக்கு மட்டும் இடித்தது. தேதிப் பத்தியை நோண்டிப் பார்த்தபோது, அது தொழிற்சாலைப் பதிவிலிருந்து வரவில்லை, லாரி ஏற்றும் பகுதியின் மென்பொருளிலிருந்து வந்திருந்தது. ஆகஸ்ட் கடைசி மூன்று நாளில் தயாரான சில நூறு வண்டிகள், யார்டில் நின்று செப்டம்பர் முதல் வாரத்தில் ஏற்றப்பட்டதால், அடுத்த ஆண்டில் போய் உட்கார்ந்திருந்தன. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பத்திக்கு ‘தேதி’ என்று மட்டும் தலைப்பு இட்டிருந்தார்கள், எதன் தேதி என்று எழுதவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினோம். அன்றிலிருந்து எந்தப் பதிவேட்டிலும் ‘தேதி’ என்ற ஒற்றைச் சொல்லை நான் விடுவதில்லை.

இந்தப் பதிவை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் உட்பிரிவும் ஒரு டிசம்பர் 31-ஐக் குறித்துச் சொல்லியிருக்கும். கடைசிப் படி முடிந்தும் சில ஆண்டு நீளும் கெடு அது. கணினி மாற்றும்போதும் அலுவலகம் இடம் மாறும்போதும் முதலில் தொலைவது இப்படிப்பட்ட பழைய கோப்புகள்தான். கெடுத் தேதியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து எழுதுங்கள்.

அறிக்கை

அறிக்கை நீளமானதல்ல, பல நேரம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். தயாரிப்பாளர் யார், அறிக்கையைத் தயாரித்த பொறுப்பாளரின் முழுப்பெயர், பதவி, முகவரி, எந்த உற்பத்தி ஆண்டு, அந்த ஆண்டின் தேவையை நிறைவேற்றினோமா இல்லையா என்ற நேரடி வாக்கியம், சதவீதத்துக்கு அடிப்படையான உற்பத்தி எண்ணிக்கை, விதிக்கு உட்பட்ட வண்டிகளின் எண்ணிக்கை, மிச்சம், ஒப்பந்தம் இருந்தால் அவற்றின் விவரம். ஆங்கிலத்தில் எழுதி, வாஷிங்டனில் உள்ள நிட்சா நிர்வாகிக்கு அனுப்ப வேண்டும். எண்ணிக்கை போட்டியாளர்களுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தால், 512-ஆம் பகுதியின்படி ரகசியம் காக்கக் கோரும் விண்ணப்பத்தைக் கூடவே வைக்க வேண்டும். அனுப்பிய பிறகு கேட்பது கடினம்.

பொறுப்பாளர் பெயர் கேட்கும் வரியை வெறும் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவேட்டைத் தானே திறந்து பார்த்தவரின் பெயர் அங்கே இருக்க வேண்டும், மாடிக்கு மேல் மாடி ஏறி யாரோ கையெழுத்திட்டதாக இருக்கக் கூடாது.

நிறைவேற்றினோமா என்ற வாக்கியத்துக்கு ‘இல்லை’ என்பதும் ஒரு பதில்தான். தேவைக்குக் கீழே போயிருந்தால் அப்படியே எழுதுங்கள். எவ்வளவு குறைந்தது, எந்த வண்டிகள் என்பதையும் எழுதுங்கள். அதற்கு முன் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள், அது உங்கள் உரிமை. விதிமீறலுக்கான அபராத உச்சவரம்பை 2015-இன் சட்டம் ஒன்று, மீறல் ஒன்றுக்கு 21,000 டாலர், தொடர் மீறலுக்கு 10.5 கோடி டாலர் என்று உயர்த்தியது. விலைவாசிக்கேற்ப அது இன்னும் ஏறுகிறது. குறைந்ததை மறைத்தவருக்கு, குறைந்ததற்கு மட்டுமல்ல, மறைத்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிவரும்.

நடுவில் வரும் கேள்வி

கடைசியாக, பலர் படிக்காமல் கடந்துபோகும் ஒரு பிரிவு. உற்பத்தி ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே, நிட்சாவின் வாகனப் பாதுகாப்பு இணக்க அலுவலகம் கேட்டால், எந்தெந்த வண்டிகள் விதிக்கு உட்பட்டவை என்று மேக், மாடல், வின் எண்ணோடு நீங்கள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது. ஒரு வண்டியை ‘உட்பட்டது’ என்று குறித்துவிட்டால் அந்தக் குறிப்பு திரும்பப் பெற முடியாதது என்று விதியே சொல்கிறது.

காரணம் எளியது. இந்த அலுவலகம் சாதாரண வாடிக்கையாளரைப் போல டீலரிடம் கார் வாங்கிச் சோதித்துப் பார்க்கும். படிகள் முடிந்துவிட்ட விதியென்றால், சோதனையில் தோற்ற வண்டி தோற்றதுதான். படிநிலைக் காலத்தில் அப்படி இல்லை. தோற்ற பிறகு, ‘அது எங்கள் 55 சதவீதத்தில் வராத வண்டி, அதற்கு இந்த விதியே பொருந்தாது’ என்று சொல்லித் தப்ப வழி இருக்கும். அந்த வழியை அடைப்பதற்குத்தான் முன்கூட்டியே கேட்கிறார்கள், சொன்னதை மாற்றவும் விடுவதில்லை.

ஆகவே ‘எந்த விதிக்கு உட்பட்டது’ என்ற பத்தியை ஆண்டின் முடிவில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். வண்டி லைனை விட்டு இறங்கும் அன்றே, ஸ்டிக்கர் ஒட்டும் அதே ஷிப்டில், அந்த வரி நிரம்பட்டும். யார் நிரப்பினார், எப்போது நிரப்பினார் என்பதும் கூடவே பதியட்டும். பிறகு திருத்த நேர்ந்தால் பழைய பதிவை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். வாஷிங்டனிலிருந்து ஒரு நாள் வரும் கடிதத்தில் பதினேழு இலக்கம் ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, அந்த ஒரு வரியை அப்படியே படியெடுத்து அனுப்ப உங்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது.